அரிய நீலன் வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் படமெடுக்க வேண்டும். கிட்டே போகும்போதே பறந்துவிடுகிறது

வெயில்தேடி:

வணக்கம் நண்பர்களே.

வெந்தய வரியன், எலுமிச்சை அழகி மாதிரி அடிக்கடி கண்ணில் படுகிற வண்ணத்துப்பூச்சிகளை எடுப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும்போது நிதானமாகக் கிட்டே போய் எடுத்துவிடுகிறேன். இப்போது தேடிக்கொண்டிருப்பது ஒரு நீலன். மிகச் சிறியது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் பறக்கும், அதுவும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில புல்வெளித் துண்டுகளில். பெயரையும் இடத்தையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அங்கே கூட்டம் கூடிவிடும்.

கண்ணில் படாமல் இல்லை. முழங்கால் உயரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று பறந்துபோகும். பின்னாலேயே போவேன். எங்கேயாவது உட்காரும். இரண்டு மூன்றடி தள்ளி நான் குனிவதற்குள் எழுந்துவிடும். கிடைத்த படங்களில் இறக்கையில் பாதி தெளிவு, பாதி மங்கல். அடையாளம் சொல்லத் தெரிந்தவர்களிடம் காட்டினால், "மேல்பக்கம் தெரிகிற படம் இருக்கிறதா? பின்னிறக்கையின் அடிப்பக்கப் புள்ளிகள் முழுதாகத் தெரிகிற மாதிரி ஒன்று கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள்.

கையில் இருப்பது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், நடுத்தரமான மிரர்லெஸ் கேமரா, சின்ன ஃபிளாஷ் ஒன்று. கிட்டே போவது எப்படி? லென்ஸை மாற்ற வேண்டுமா? ஒரே ஒரு வாய்ப்புதான் என்றால் அதில் எதை முதலில் எடுப்பது? இந்தப் பருவம் போனால் அடுத்த வருடம்தான். அதனால் கொஞ்சம் அவசரமாகவே கேட்கிறேன்.

புல்நுனி:

வெயில்தேடி, "பின்னாலேயே போவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண் தலையின் இரு பக்கமும் அரைக்கோளமாகப் புடைத்து நிற்கிறது. முன்னும் பின்னும் மேலும் கீழும் ஏறக்குறைய முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கும். நம் கண்ணளவுக்கு நுணுக்கம் கிடையாது, ஆனால் அசைவைப் பிடிப்பதில் நம்மை மிஞ்சிவிடும். பின்பக்கமாகப் பதுங்கிப் போய்ப் பயனில்லை. நின்றபடி நடந்து வருகிறவர் அதன் பார்வையில் வானத்தை மறைத்துக்கொண்டே பெரிதாகிறார். ஆகவே தூரத்திலேயே முழங்காலிட்டுவிடுங்கள். நேர்க்கோட்டில், மிக மெதுவாக நெருங்குங்கள். பக்கவாட்டில் அசைந்தால்தான் அதிகம் தெரியும். உங்கள் நிழல் அதன்மேல் விழவே கூடாது. புல்லை விலக்கும்போது அது உட்கார்ந்திருக்கும் தண்டும் சேர்ந்து ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் சில நேரம் பறக்கத்தான் செய்யும். பறந்தால் எழுந்து ஓடாமல் அங்கேயே இருங்கள். நீலன்களில் பல இனங்களின் ஆண்கள் ஒரு சின்ன இடத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளும். வேறு ஆண் வந்தால் விரட்டிவிட்டுப் பழைய இடத்துக்கோ, ஓரடி தள்ளியோ திரும்பி வந்து உட்காரும். வேறு சில, உட்காராமல் ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி வரும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, கேமராவைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். திரும்பும் இடம் தெரிந்துவிட்டால் நீங்கள் முன்னதாகவே போய் அங்கே அசையாமல் உட்காரலாம். நாம் அதை நோக்கிப் போகும்போது பயப்படுகிற பூச்சி, அதுவாக நம் பக்கத்தில் வந்து அமரும்போது பயப்படுவதில்லை. எனக்குப் பிடித்த படங்களில் பெரும்பாலானவை இப்படிக் கிடைத்தவை.

இதைவிட முக்கியமானது செடி. அரிதான பூச்சியைத் தேடாதீர்கள், அதன் புழு தின்னும் செடியைத் தேடுங்கள். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இங்கிலாந்தின் லார்ஜ் புளூ. அதுவும் உங்களுடையதைப் போல ஒரு நீலன்தான். அதன் புழு முதலில் காட்டுத் தைம் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழும். ஒருவகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று எண்ணித் தூக்கிப் போய்ப் புற்றுக்குள் வைக்கும். அங்கே ஏறக்குறைய பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும். அந்தப் பூச்சி குறைந்துகொண்டே வந்தபோது, பிடித்துச் சேகரிப்பவர்களால்தான் குறைகிறது என்று நம்பி ஓரிடத்தில் வேலி போட்டார்கள். வேலி ஆடுமாடுகளையும் சேர்த்துத் தடுத்தது. மேய்ச்சல் நின்றது, புல் உயர்ந்தது, பூச்சி இன்னும் வேகமாக மறைந்தது. காரணத்தை 1970களில் பூச்சியியலாளர் ஜெரமி தாமஸ் கண்டுபிடித்தார்: மிர்மிகா சபுலேட்டி என்ற ஒரே எறும்பினத்தின் புற்றில்தான் அந்தப் புழு நன்றாகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்கு வெயிலில் சூடேறும் மண் வேண்டும், அதற்குப் புல் மிகக் குட்டையாக இருக்க வேண்டும். இதெல்லாம் விளங்குவதற்குள் காலம் கடந்துவிட்டது. 1979இல் அந்த நாட்டில் லார்ஜ் புளூ அற்றுப்போனது. 1983இல் தொடங்கி ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி குடியேற்றினார்கள். இன்று அங்கே பறப்பவை அவற்றின் வாரிசுகள்.

படமெடுக்கப் போகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், எல்லாமே இருக்கிறது. குட்டைப் புல் சரிவு, அதில் பூத்திருக்கும் தைம், முற்பகல் வெயில். மூன்றும் சேரும் இடத்தில் போய் உட்கார்ந்தால் லார்ஜ் புளூ உங்களைத் தேடி வரும். கண்ட இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பதும் இதிலேயே தெரிகிறது, ஏனென்றால் ஆண்டின் பெரும்பகுதியில் அந்தப் பூச்சி உங்கள் காலடியில்தான் இருக்கிறது. நீலன் குடும்பத்தில் மிகப் பலவற்றின் புழுக்களுக்கு எறும்புகளோடு உறவு உண்டு. உங்கள் இனத்தின் செடி எது, அதில் எறும்பு ஏறுகிறதா என்று முதலில் படித்துவிட்டுப் போங்கள். பெண் பூச்சி முட்டையிட வரும்போது பறப்பதிலேயே வித்தியாசம் தெரியும். தாழப் பறக்கும், இலைக்கு இலை இறங்கி முன்காலால் தட்டிப் பார்க்கும், பிறகு வயிற்றை வளைக்கும். அந்த நேரம் அது இடத்தை விட்டுப் போகாது. ஆனால் முட்டையிட்டு முடிக்கும்வரை நீங்களும் கிட்டே போகாதீர்கள்.

மேல்பக்கம் கேட்கிறார்கள் என்றீர்களே, அதற்கு நேரம்தான் பதில். பறக்கும் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். காலையில் உடம்பு குளிர்ந்திருக்கும்போது பல நீலன்கள் இறக்கையை விரித்து வெயில் காயும். அதுதான் மேல்பக்கத்துக்கான நேரம். வெயில் ஏறி உடம்பு சூடாகிவிட்டால் மூடிக்கொள்ளும், பிறகு அடிப்பக்கம்தான். ஐரோப்பாவின் கிரீன் ஹேர்ஸ்ட்ரீக் மாதிரி, உட்கார்ந்தால் இறக்கையைத் திறக்கவே திறக்காத இனங்களும் உண்டு. அவை பக்கவாட்டில் சாய்ந்து வெயில் காய்பவை. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நடக்காத ஒன்றுக்காகக் காத்திருப்பீர்கள்.

இன்னொன்று, மேகம். மேகமும் வெயிலும் மாறி மாறி வரும் நாள்தான் நான் விரும்பும் நாள். மேகம் மூடியதும் பூச்சி எங்காவது இறங்கி அடங்கிவிடும். எங்கே இறங்குகிறது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். மேகம் இருக்கும்போதே மெல்ல நெருங்கி, தூரத்தைச் சரிசெய்து காத்திருங்கள். வெயில் திரும்பியதும் பறப்பதற்கு முன் இறக்கையை விரித்துச் சற்று நேரம் காயும். உங்களுக்கு வேண்டிய படம் அந்தச் சற்று நேரத்தில் இருக்கிறது.

எஃப்_எட்டு:

புல்நுனி அக்கா சொன்னதற்கு மேல் நெருங்குவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. லென்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

100 மி.மீ. மேக்ரோவே போதும். ஆனால் மேக்ரோ லென்ஸ் கையில் இருந்தாலே முழு அளவில், அதாவது பூச்சி சென்சாரில் தன் நிஜ அளவிலேயே விழும் 1:1இல் எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் பாதி மங்கலாகிறது. கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் எஃப் 8 துளையில் 1:1 எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. அதே எஃப் 8இல் பாதி அளவில், 1:2இல் எடுத்தால் சுமார் 3 மி.மீ. மூன்று மடங்கு! கொஞ்சம் தள்ளியே இருந்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். இப்போதைய சென்சார்களில் அதற்கு வேண்டிய பிக்சல் இருக்கிறது. பூச்சியும் பயப்படாது. எஃப் 16, எஃப் 22 என்று துளையை மூடிக்கொண்டே போனால் ஆழம் கூடும்தான், ஆனால் இவ்வளவு கிட்டத்தில் லென்ஸின் நடைமுறைத் துளை எண்ணில் இருப்பதைவிடச் சிறியதாகிவிடும். 1:1இல் நீங்கள் வைக்கும் எஃப் 8 உண்மையில் எஃப் 16 போல வேலை செய்கிறது. எஃப் 22 வைத்தால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்க மென்மையாகிவிடும். நான் எஃப் 8, எஃப் 11 இரண்டுக்குள்ளேயே இருப்பேன்.

அந்த 3 மி.மீ.யை வீணாக்காமல் இருப்பதுதான் மீதி வேலை. மூடிய இறக்கை ஒரு தளம். சென்சார் இன்னொரு தளம். இரண்டும் இணையாக இருந்தால் கண், இறக்கையின் அடிப்பகுதி, ஓரத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரே படத்தில் தெளிவாக விழும். ஒரு பக்கம் சாய்ந்தாலும் உங்களுக்குக் கிடைத்த மாதிரி பாதிதான். கிட்டே போகும்போது கோணத்தைத் திருத்துவதைவிட, எந்தப் பக்கத்திலிருந்து போனால் இணையாக வரும் என்று முதலிலேயே பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

நீலன் வகையில் ஒரு பொறி இருக்கிறது. வால் உள்ள இனங்களின் பின்னிறக்கை நுனியில் கண் மாதிரி ஒரு புள்ளி, உணர்கொம்பு மாதிரி மெல்லிய வால்கள். உட்கார்ந்ததும் பின்னிறக்கைகளை மேலும் கீழும் தேய்த்து அந்த வால்களை ஆட்டும். தாக்க வரும் எதிரி அதைத் தலை என்று நம்பும், கேமராவின் ஆட்டோஃபோகஸும் நம்பும். திரையில் ஃபோகஸ் பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து உண்மையான கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நான் இந்த அளவுக்குக் கிட்டே போனால் ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்துக்கொண்டே தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுப்பேன். ஒன்றாவது கண்ணில் விழும்.

ஷட்டர் 1/500 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள். புல்தண்டு காற்றில் ஆடும், உங்கள் கையும் ஆடும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 1600 வரை ஏறினாலும் கவலை வேண்டாம். புள்ளிகளின் வடிவம் மங்கலானால் திரும்ப வராது, படத்தில் தெரியும் துகள் இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுங்கள். வெளிர் சாம்பல் அடிப்பக்கம் வெயிலில் சட்டென்று வெளுத்துவிடும் என்பதால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) அரை ஸ்டாப் குறைத்து வையுங்கள்.

ஃபிளாஷ் இருந்தால் பரப்பி (டிஃப்யூசர்) மூலம் மென்மையாக்கி, நிழலை நிரப்ப மட்டும். மேல்பக்க நீலம் சாயத்தால் வருவதல்ல. செதில்களின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்புவதால் வருவது. வெளிச்சம் வரும் கோணம் மாறினால் நிறமே மாறும். நேரடி ஃபிளாஷ் அடித்தால் கண்ணால் பார்த்த நீலம் படத்தில் இருக்காது. முடிந்தால் சற்றே வேறு வேறு கோணங்களில் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள்.

லென்ஸ் மாற்ற வேண்டிய இடமும் உண்டு. மரத்தின் உச்சியில் வாழ்கிற இனங்கள், சேற்றுக்கு அந்தப் பக்கம் உட்காருபவை, நடந்து போகக் கூடாத புல்வெளி. அங்கே 100-400 மாதிரி ஒரு ஜூம், அல்லது 300 மி.மீ.யோடு ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வளையம்). இப்படி நீண்ட லென்ஸில் ஆழம் குறைவு என்று பயப்பட வேண்டாம். படத்தில் பூச்சி அதே அளவில், அதே துளையில் இருந்தால் ஆழமும் ஏறக்குறைய அதேதான். பின்னணி இன்னும் சுத்தமாக வரும். நீங்கள் தேடுவது முழங்கால் உயரத்தில் பறக்கும் நீலன், அதற்கு இப்போது எதுவும் வாங்க வேண்டாம்.

மலைமேடு:

ஒரு சிறு சேர்க்கை. உங்கள் நீலனுக்கு இது பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பல இனங்களின் ஆண்கள் இந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு வரும். ஒன்று ஈர மண். ஆற்றோரம், விலங்குகளின் சிறுநீர் பட்ட மண், சாணம். அங்கே அவை தேடுவது பெரும்பாலும் சோடியம். பூந்தேனில் அது மிகக் குறைவு. உறிஞ்ச ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் தவழ்ந்து போனாலும் சீக்கிரம் எழாது. ஐரோப்பாவின் பர்ப்பிள் எம்பரர் என்ற வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் மர உச்சியில் இருப்பது, ஆனால் முற்பகலில் சாணத்துக்காகத் தரைக்கு வரும். இன்னொன்று மேட்டின் உச்சி. எண்ணிக்கை குறைந்த சில இனங்கள் இணையைக் கண்டுபிடிக்க உச்சியில் வந்து கூடும். இமயமலைக் காடுகளின் கைசர்-இ-ஹிந்த் என்ற வண்ணத்துப்பூச்சியை உச்சி மரங்களில் காலை வேளையில் பார்த்தவர்கள்தான் அதிகம். சரிவு முழுக்க அலைவதைவிட உச்சியில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள்.

முட்டைமுதல்:

வேறொரு வழியும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. செடி தெரிந்துவிட்டால் அதில் முட்டையோ புழுவோ இருக்கும். ஒன்றிரண்டை எடுத்து வந்து வளர்த்தால், கூட்டிலிருந்து வெளிவரும் நாளில் ஒரு செதில்கூடச் சிதையாத பூச்சி கிடைக்கும். இறக்கை உலரும்வரை பறக்க முடியாது. மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் நிதானமாக எடுத்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடலாம். காட்டில் புழுக்களில் மிகப் பல ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் எறும்புகளுக்கும் இரையாகின்றன. வளர்த்தால் பிழைப்பது கூடும். சிலர் பறக்கும் பூச்சியைப் பிடித்துச் சில நிமிடம் குளிரவைத்தும் எடுக்கிறார்கள். அடையாளம் காண்பதுதான் நோக்கம் என்றால், மங்கலான ஐம்பது படங்களைவிட இப்படி எடுத்த ஒரு படம் உதவும் என்று நான் நினைக்கிறேன்.

புல்நுனி:

முட்டைமுதல், சாதாரண இனங்களை வளர்த்துப் படமெடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வெயில்தேடி சொல்லும் பூச்சியில் வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

சில வாரம் பறந்து, சில துண்டு நிலங்களில் மட்டும் வாழ்கிற இனத்தில் அந்த ஒன்றிரண்டு என்பது எத்தனையில் ஒன்றிரண்டு என்று எடுப்பவருக்குத் தெரியாது. எறும்போடு உறவுள்ள புழு என்றால் எறும்பு இல்லாமல் அது வளரவே வளராமல் போகலாம். சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் லார்ஜ் புளூவை 1981ஆம் ஆண்டின் சட்டம் காக்கிறது, அதைப் பிடித்துக் கொன்ற ஒருவர் 2017இல் தண்டிக்கப்பட்டார். எந்த நாடானாலும் முட்டையை எடுக்கும் முன் அது அட்டவணையில் இருக்கிறதா என்று பார்ப்பது கடமை. படமெடுக்கத்தான் எடுத்தேன் என்பது விலக்கு ஆகாது.

குளிரவைப்பது இன்னும் மோசம். குளிர்ந்த பூச்சி கால்களை ஊன்றிப் பிடிப்பதில்லை, உணர்கொம்புகள் தொங்கும், உட்காரும் விதமே வேறாகிவிடும். பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படத்திலேயே தெரியும். வெளியே விட்டதும் உடம்பு சூடாகும்வரை அது பறக்க முடியாது. அந்த நேரத்தில் பல்லியோ எறும்போ வந்தால் அதற்குப் பொறுப்பு நாம்தான்.

குயின் அலெக்சாண்ட்ரா பேர்ட்விங் என்று ஒன்று, உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி, பெண்ணின் இறக்கை விரிவு 25 செ.மீ.க்கும் மேல். பப்புவா நியூகினியின் ஓரோ மாகாணத்தில் மட்டும், ஒரு குறிப்பிட்ட கொடியை நம்பி வாழ்கிறது. 1906இல் ஆல்பர்ட் மீக் என்ற சேகரிப்பாளர் அதன் முதல் மாதிரியைச் சிறு ரவைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அவ்வளவு உயரத்தில் பறந்ததால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. 1951இல் லாமிங்டன் எரிமலை வெடித்து அதன் வாழிடத்தில் பெரிய பகுதியை அழித்தது. மீதியைக் காடழிப்பும் தோட்டப் பயிரும் குறைத்துக்கொண்டே வருகின்றன. இன்று அதன் பன்னாட்டு வணிகத்தை, அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியல் தடுக்கிறது. பூச்சியைக் கையில் பிடிக்காமல் பார்க்கவும், பிறருக்குக் காட்டவும் நமக்கு ஒரு கருவி கிடைத்திருக்கிறது. மீக்குக்குக் கிடைக்காத வசதி அது. அதை வைத்துக்கொண்டு மறுபடியும் பிடிப்பானேன்?

அதைவிட, வெயில்தேடி எடுக்கப் போகும் படத்தில் பூச்சி மட்டும் இருக்கக் கூடாது. எந்தச் செடியில், எந்த உயரத்தில், இறக்கையை எப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் அந்த இடத்தில்தான் கிடைக்கும். வளர்த்த பூச்சியைக் கிளையில் வைத்து எடுத்தால் இறக்கை அழகாக இருக்கும், மற்றதெல்லாம் நாம் வைத்ததாக இருக்கும். செதில் கொஞ்சம் உதிர்ந்த, ஓரம் கிழிந்த பூச்சி எனக்குக் குறையாகத் தெரிவதில்லை. பறவையின் அலகிலிருந்து தப்பி வந்த தடம் பல நேரம் அந்தக் கிழிசலில் தெரியும்.

முட்டைமுதல்:

அரிய இனத்தில் எடுக்க வேண்டாம் என்பதை ஏற்கிறேன், குளிரவைப்பதையும் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல அரிய இனங்களின் புழு எப்படி இருக்கும், எந்தச் செடியைத் தின்னும் என்பது, யாரோ முறையான அனுமதியோடு வளர்த்துப் பதிவு செய்ததால்தான் நமக்குத் தெரியும். செடியைத் தேடு என்று நீங்கள் சொல்ல முடிவதே அதனால்தான். அனுமதியும் அறிந்தவர் துணையும் இருந்தால் அந்த வேலை நடக்க வேண்டும்.

புல்நுனி:

அதில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன்.

வெயில்தேடி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. புல்நுனி அக்கா, செடி எது என்று எனக்குத் தெரியும். ஆனால் இதுவரை அதைப் பூச்சி உட்காரும் இடமாகத்தான் பார்த்தேனே தவிர, அங்கேயே போய்க் காத்திருக்க நினைக்கவில்லை. முட்டைமுதல், நான் முட்டை எடுக்கப் போவதில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். ஒரே வாய்ப்பில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டிருந்தேன். அதோடு, இந்த இடத்துக்கு வேறு சிலரும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். புல்லில் புதுத் தடங்கள் தெரிகின்றன. படத்தை எங்கே, எப்போது போடலாம்? போடவே கூடாதா?

பதிவேடு:

முதல் கேள்விக்கு: கண்ணில் பட்ட இடத்திலிருந்தே ஒன்று எடுங்கள். தூரமாக இருக்கும், சின்னதாக விழும், பரவாயில்லை. பிறகு சில அடி நெருங்கி ஒன்று. இன்னும் நெருங்கி ஒன்று. எந்தக் கணத்தில் பறந்தாலும் அதற்கு முந்தைய படம் உங்களிடம் இருக்கும். நல்ல வெளிச்சம், நல்ல பின்னணி வரட்டும் என்று முதல் படத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெருங்கியதும் பின்னிறக்கையின் அடிப்பக்கம். பல நீலன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது அங்கே உள்ள புள்ளிகள் எத்தனை, எந்த வரிசையில், எந்தப் புள்ளி உள்தள்ளி இருக்கிறது என்பதுதான். மேல்பக்கம் ஒன்றுபோலவே இருக்கும் இனங்கள் நிறைய. அடிப்பக்கம் முழுதாக, மடிப்பில்லாமல் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது முன்னிறக்கையின் அடிப்பக்கம், பிறகு வாய்ப்பிருந்தால் மேல்பக்கம், பிறகு முகமும் உணர்கொம்பும். கடைசியாகப் பின்வாங்கும்போது, செடியும் சுற்றிலும் உள்ள புல்லும் தெரிகிற மாதிரி அகலமாக ஒன்று. இந்தக் கடைசிப் படத்தை எல்லோரும் மறக்கிறார்கள். செடியின் இலையும் பூவும் தெரிய தனியாக ஒன்று எடுத்தால் தாவரம் தெரிந்தவர்களும் உதவுவார்கள்.

கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ஒரு சின்னக் குறிப்பேடு: நேரம், வெயிலா மேகமா, தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன செய்துகொண்டிருந்தது, ஆணா பெண்ணா, கூட இன்னும் எத்தனை பறந்தன. பார்க்கப் போய்க் கிடைக்காத நாளையும் எழுதுங்கள். இந்தத் தேதியில் இல்லை என்பதும் தகவல்தான்.

மங்கலாக வந்தவற்றை அழிக்காதீர்கள். லட்லோஸ் பூட்டான் குளோரி என்ற பட்டாம்பூச்சி 1933, 1934இல் கிழக்குப் பூட்டானில் பிடிபட்ட சில மாதிரிகளாக மட்டுமே அருங்காட்சியகத்தில் இருந்தது. அதன்பிறகு 2009 வரை அதைப் பற்றிய செய்தி இல்லை. அந்த ஆண்டு மறுபடி பதிவானது, இப்போது அந்த நாட்டின் தேசியப் பட்டாம்பூச்சி அதுதான். இப்படிப்பட்ட இனத்தில் அடையாளம் தெரிகிற எந்தப் படமும், அழகாக இல்லாவிட்டாலும், வேலைக்கு ஆகும்.

இடத்தைப் பற்றி. நீங்கள் முதல் பதிவிலேயே பெயரை எழுதாமல் விட்டதற்கு நன்றி. செல்பேசியிலும் பல கேமராக்களிலும் படத்தோடு எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் ஆயத்தொலைவும் சேர்ந்து பதிவாகும். வெளியே போடும் பிரதியில் அதை நீக்கிவிடுங்கள், மூலக் கோப்பில் இருக்கட்டும், ஆய்வாளர்களுக்குத் தேவைப்படும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்கள் அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் இடத்தைத் தாமாகவே மறைக்கும். சரியான புள்ளியைக் காட்டாமல் 0.2 டிகிரிக் கட்டம் ஒன்றுக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நிலநடுக்கோட்டருகே அது பக்கத்துக்கு ஏறக்குறைய 22 கி.மீ. ஆனால் அது பட்டியலில் உள்ள இனங்களுக்குத்தான். உங்கள் இனம் அதில் இல்லையென்றால் நீங்களே மறைத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அதே நாளில், அதே இடத்தில் எடுத்த ஒரு சாதாரணப் பூவை மறைக்காமல் போட்டால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதையும் மறையுங்கள். அந்த அகலப் படத்தில் பின்னால் பாறையோ கோபுரமோ மலை முகடோ தெரிந்தால் அதைப் பொதுவில் போடாதீர்கள்.

பறக்கும் வாரங்கள் முடிந்த பிறகு போடுங்கள். அதற்குள் யாராவது கிளம்பி வந்தாலும் பார்க்கப் பூச்சி இருக்காது. தரவு சேகரிக்கிறவர்களுக்கு மட்டும் உடனே அனுப்பலாம், சரியான இடத்தோடு. அந்த நிலத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடமும் சொல்லுங்கள். மேய்ச்சலை நிறுத்துவது, புல்லை வெட்டுவது, தீ வைப்பது, மரம் நடுவது எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. அங்கே இப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

மற்றவர்கள் வருவதைத் தடுக்க முடியாது, தடத்தைக் குறைக்கலாம். ஏற்கெனவே மிதிபட்ட ஒரே தடத்தில் போய் அதிலேயே திரும்புங்கள். செடிக்குப் பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். உங்களுக்கு முன்னால் ஒருவர் இருந்தால் அவர் முடித்து வரும்வரை தள்ளியே இருங்கள். பின்னணிக்காகப் புல்லைப் பிடுங்குவதைப் பார்த்தால், அங்கே முட்டை இருக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். பலர் தெரியாமல்தான் செய்கிறார்கள், சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

பருவம் முடிந்ததும் அடிப்பக்கப் படங்களை இங்கே, இதே இழையில் போடுங்கள். ஆயத்தொலைவை நீக்கிவிட்டு. புள்ளிகளைப் பார்த்துச் சொல்கிறேன்.